சிவஞானத்தின் வால்வு கவர்

இது எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். எனக்கும் அப்படி இருக்கத்தான் ஆசை.

புரோத்ராபூரில் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சின் பாகங்களில் பழைய பெயின்டை உரித்து, கலர்ப் பொடி தூவி, ஓவனில் சுட்டுக் கொடுப்பேன். போன அக்டோபரில் டாக்சி ஓட்டும் சிவஞானம் தன் வண்டியின் வால்வு கவரைக் கொண்டு வந்தான். எஞ்சின் தலைமேல் மாட்டும் மூடி அது. சிவப்பில் வேண்டும் என்றான்.

பெயின்ட் போவதற்குக் கண்ணாடி மணலைக் காற்றோடு பீய்ச்சி அடிப்போம். கவருக்கு உள்ளே ஒரு தகடு உண்டு. மணல் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நான்கு தடவை கழுவி, காற்றடித்து, தட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் மணல் ஆயிலில் கலந்தாலும் போதும், எஞ்சின் ஓடும்போதே இறுகி நின்றுவிடும். பதினான்கு வருடமாக இந்த வேலை செய்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனால் அன்று பதினொரு மணிக்குக் கரன்ட் கட். அதற்குள் சுட்டு எடுக்க வேண்டும். ஒரே தடவை கழுவினேன். ‘பக்கா வேலை’ என்று சொல்லிக் கொடுத்தேன். மெக்கானிக் ஐயாவு அதை வண்டியில் மாட்டினான்.

ஆறாம் நாள். நல்ல மழை. நாலரைக்கே இருட்டிவிட்டது. பட்டறையில் நான் மட்டும்.

மணி 4:52. ஓவனில் அப்போதுதான் நேரம் பார்த்தேன்.

வாசலில் ஒரு அம்மா நின்றார். நைட்டி, தோளில் துண்டு. அவ்வளவு மழையிலும்... துண்டு நனையவில்லை.

“சிவஞானத்தோட அம்மா நான், தங்கம்மா. அந்த மூடிய நல்லா கழுவுனீங்களா தம்பி?”

வாய் கூசாமல் சொன்னேன்.

“நாலு தடவை கழுவுனேம்மா.”

“அச்சா... அப்ப சரி.”

பெஞ்சில் உட்கார்ந்தார். நான் ஓவன் பக்கம் திரும்பினேன்.

சர்ர்...

மணல் கொட்டும் சத்தம். மணல் அடிக்கும் மிஷினை நான் போடவே இல்லை.

சர்ர்... சர்ர்...

திரும்பினேன்.

பெஞ்ச் காலி.

அதன்மேல் ஒரு பிடி மணல்.

தொட்டேன்.

விரலில் கருப்பு ஆயில்... சுட்டது.

பட்டறையைப் பூட்டாமல் ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்து சிவஞானம் வந்தான். மொட்டை அடித்திருந்தான். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று தன் டாக்சியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறான். ஃபெரார்கஞ்ச் ரோட்டில் எஞ்சின் ஏக்தம் லாக், அப்படியே இறுகி நின்றுவிட்டது. மழை. போனில் சிக்னல் இல்லை. பின்சீட்டிலேயே போய்விட்டாராம். வண்டி நின்றது ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால்.

எஞ்சினைப் பிரித்தால் உள்ளே மணல்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“ஐயாவு பழிய உங்க மேல போடுறாண்ணே. ரெண்டு அறை விட்டேன். வண்டி நின்னதும் அம்மாவே சொல்லிச்சு. ‘இப்பதான் அந்தத் தம்பிகிட்ட கேட்டுட்டு வந்தேன், நாலு தடவை கழுவுனாராம், அவர் மேல கோவப்படாத’ன்னுச்சு. அதுதான் கடைசிப் பேச்சு.”

சிவஞானம் என்னையே பார்த்தான்.

“அம்மா ரெண்டு வருஷமா படுத்த படுக்கைண்ணே. எப்ப உங்ககிட்ட பேசிச்சு?”

கிளம்புவதற்கு முன்னால் போனில் பேசினார் என்றேன். நம்பிவிட்டான்.

ஐயாவுவின் கடையில் இப்போது யாரும் வண்டி விடுவதில்லை. என் பட்டறையில் கூட்டம் தாங்கவில்லை.