முகம் சுவரைப் பார்க்க

கலைஞர்களோடு பழகாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். அறுபதுகளில் போர்ட் பிளேயரில் ஒரு சித்திரக் கண்காட்சி நடத்தும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்குப் படம் போடத் தெரியாது, அதனால் யாருக்கும் என்மேல் பொறாமை வராதாம். குமாஸ்தாவுக்கு வாய்த்த தகுதியைப் பாருங்கள்!

டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர், வாசலைப் பார்த்த சுவர்தான் வேண்டும் என்று ஆபீசுக்கே வந்து உயிரை வாங்கினார். கொடுத்தேன். பக்கத்து ஜன்னலில் சிவப்புத் திரை, என் கடல் வெளுத்துத் தெரிகிறது என்றார். அவர் கடல் எப்படியும் வெளுத்துத்தான் இருந்தது.

எல்லோருக்கும் மேலே கான்டிராக்டர். ஓய்வு நேரத்தில் கிளிஞ்சலில் கப்பல் செய்வார். அதை, விழாவைத் திறந்துவைக்க வரும் சீஃப் கமிஷனர் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

இந்த மகான்களுக்குள் ஒரு வழக்கம். திறப்பு விழாவுக்கு முன்னால் ஒருவர் படத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாது, பார்த்தால் காப்பியடித்துவிடுவானாம். அதனால் எல்லாப் படங்களும் முகம் சுவரைப் பார்க்கச் சாய்ந்து நிற்கும். கான்வாஸ் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும் என்பதால் எல்லோரும் வரைந்தது சாத்தம் மரமில் பலகையில்தான். பின்பக்கம் பார்த்தால் எல்லாம் வெறும் பலகை.

மாயாபந்தரிலிருந்து ஒரு தமிழர் வந்தார். காட்டில் மரம் வெட்டுகிறவர். இறந்துபோன மனைவியின் முகத்தைப் பலகையில் வரைந்திருந்தார். அவளுக்குப் போட்டோ கிடையாது. உப்புக்காற்றில் பெயிண்ட் உரிய ஆரம்பித்திருந்தது.

"பரிசெல்லாம் வேணாண்ணே. கமிஷனர் சாப் வர்றப்போ போட்டோக்காரர் வருவாராமே. இத ஒரே ஒரு போட்டோ புடிச்சுக் குடுத்துட்டாப் போதும்."

அதற்கென்ன, எடுத்துவிடலாம் என்றேன். அவரும் வழக்கப்படி பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

விழாவன்று காலை, மேசை தாழ்வாக இருக்கிறது, கப்பலுக்கு ஸ்டாண்ட் வேண்டும் என்றார் கான்டிராக்டர். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை இறக்கப் போனேன். திரும்பி வந்தபோது கப்பல் உயரத்தில் ஜம்மென்று நின்றது. கீழே தரையெல்லாம் மரத்தூள். மாயாபந்தர்க்காரர் சுவரோரமாகத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஸ்டாண்டின் அடிப்பக்கம் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அறுக்கறதுக்கு முன்னாடி திருப்பிப் பாத்தா கையா ஒடிஞ்சிரும்?" என்று கான்டிராக்டரிடம் கத்தினேன்.

"அரே பாபு, அடுத்தவன் படத்தத் திருப்பிப் பாக்கலாமா? அப்புறம் இவனுங்க என்னைச் சும்மா விடுவானுங்களா?"

"கழட்டுங்க."

"சாப் ஆ ரஹா ஹை, வந்துட்டே இருக்கார். அவர் போகட்டும், கழட்டறேன்."

என்னைவிட அவருக்குச் செல்வாக்கு அதிகம். பாவி, அசையவே இல்லை. ஜீப் வந்துவிட்டது. சீஃப் கமிஷனர் கப்பலைப் பார்த்து "வாஹ்" என்றார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். ஸ்டாண்டுக்கு அடியில் மாயாபந்தர்க்காரர் மல்லாந்து படுத்து, மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹட்டோ, ஹட்டோ! நகரு, கால் தெரியுது!" என்றார் போட்டோக்காரர்.

அவர் காலை மடக்கிக்கொண்டார். கப்பலைப் போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். டிராஃப்ட்ஸ்மேன் மட்டும் தட்டவில்லை, அவர் கடலை யாரும் எடுக்கவில்லை என்று.

கூட்டம் கலைந்த பிறகு ஆணிகளைப் பிடுங்கினேன். ஆணியோடு பெயிண்டும் பெயர்ந்து வந்தது. மிஞ்சியது ஒரு கண்ணும் நெற்றியும். அறுத்து எறிந்த மீதியைக் கான்டிராக்டரின் ஆட்கள் ஆப்பாகச் செதுக்கி ஸ்டாண்டின் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

அவர் அழவில்லை. வேறு பலகை கேட்டார். மறுபடி வரைந்துகொள்கிறேன் என்றார். நல்ல பலகையாகத் தேடிக் கொடுத்தேன். அதைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"அண்ணே, அவ மொகம் எனக்கு எப்பவோ மறந்துபோச்சு. அந்தப் படத்தப் பாத்துப் பாத்துத்தான் ஞாபகம் வச்சிருந்தேன். கன்னத்துல ஒரு மச்சம் போட்டிருந்தேன். நீங்க பாத்தீங்கல்ல? எந்தப் பக்கம்ணே?"

வலது என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை.