முன்னாள் என்று கையால் எழுதிய கடிதங்கள்

தேர்தலில் தோற்ற பிறகு என் வீட்டுக்காரர், கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் சொந்த ஊருக்கே வந்துவிட்டார். உடம்பு மட்டும்தான் வந்தது. விடிந்ததும் கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி அவர் அலைவதைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். "கொஞ்சம் உக்காருங்களேன்" என்றால், "ஆனை படுத்தாலும் குதிரை மட்டம்டி" என்பார். யார் இல்லை என்றது?

கையில் மிச்சம் இருந்தது பழைய லெட்டர்பேடு. 'சட்டமன்ற உறுப்பினர்' என்ற அச்சுக்கு முன்னால் பேனாவால் 'முன்னாள்' என்று சேர்த்து, கேட்டவர்களுக்கெல்லாம் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். கேட்காதவர்களுக்கும் கொடுத்தார்.

பக்கத்து நிலத்துக்காரர் கிணறு வெட்டி, மோட்டாரும் இறக்கிவிட்டு, கரண்டுக்கு மனுப் போட்டிருந்தார். இவர் தானாகவே போய் அதோடு ஒரு கடிதத்தை இணைக்க வைத்தார். மூன்று மாதமாகியும் கரண்டு வரவில்லை. பின்னால் மனுப் போட்டவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. பூ வைத்திருந்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலைச் செடி, தண்ணீரில்லாமல் சுருண்டது. "என் பேச்சு எடுபடலியா?" என்று இவருக்குச் சோறு இறங்கவில்லை.

கோயிலுக்கு என்று பொய் சொல்லி, திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறிக் கரண்டு ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா மனுக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த லெட்டர் மேல இருக்கறதாலதான் யாரும் கையெழுத்துப் போடல. ஆளுங்கட்சிக்காரங்க கண்ணுல பட்டா வம்புனு பயப்படறாங்க. இது இல்லன்னா எப்பவோ வந்திருக்கும்."

"அத எடுத்துக் குடுத்துடுங்க" என்றேன். குண்டூசியைக் கழற்றிக் கடிதத்தைக் கொடுத்தார்.

பத்தே நாளில் மோட்டார் ஓடியது. நிலத்துக்காரர் மாலையும் வாழைப்பழமுமாக வந்து, "உங்க லெட்டருதாங்க வேலை செஞ்சிது" என்று இவர் காலில் விழுந்தார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சேதி கேட்டு நாலு பேர் மனுவோடு வந்தார்கள். இவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஆளுக்கொரு கடிதம். நான் பின்கட்டு வழியாக ஓடி, பஸ் நிற்கும் இடத்தில் அவர்களை மறித்தேன். "ஆபீசுல மனுவ மட்டும் குடுங்க. லெட்டரு வேணாம், உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்று கை கூப்பினேன். ஒவ்வொரு தேர்தலிலும் அவருக்காக ஓட்டுக் கேட்டு இப்படித்தான் கூப்பியிருக்கிறேன். நாலு கடிதத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் பஸ் ஏறினார்கள்.