கறிவேப்பிலை ஒட்டிய பீர் பாட்டில்

மாப்பிள்ளை முனிரத்தினம் காலமான செய்தி எனக்கு இரண்டு துண்டாக வந்து சேர்ந்தது. முதல் துண்டு என் தங்கை தனத்தின் குரல். "அண்ணா, அவரு பூட்டாருண்ணா. வேலை செய்ற எடத்துலயே பூட்டாரு." அதோடு போனை வைத்துவிட்டாள். இரண்டாவது துண்டு, நான் வடமாலபேட்டைக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது செல்போனில் வந்த ஒரு படம். நாலுவழிச் சாலை போடுகிற இடத்தில், வெட்டிய புளியமரத்தின் அடிக்கட்டையில் சாய்ந்து, வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பச்சைக் கொடி. காலடியில் பீர் பாட்டில். படத்தின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "வெயிலுக்கு ஜில்லுன்னு பீரு, வேலை நேரத்துல தூக்கம். வாழ்றான்யா மனுசன்." அதற்கும் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக.

படம் எடுத்தபோது அவருக்கு உயிர் இருந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவர் குடித்துச் சாகவில்லை. வெயில் அடித்துச் செத்தார். அந்தப் பாட்டிலில் இருந்தது மோர். இதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன். சொல்ல வாய்த்தவன் நான் என்பது அவருடைய கெட்ட நேரம். நகரி மூக்கு மலைக்கு ஒரு கோடையில் மூக்கிலிருந்தே வியர்வை வழிந்ததென்றும், அதில் மூன்று ஊர் நெல் விளைந்ததென்றும் கல்யாணப் பந்தியில் சத்தியம் செய்தவன் நான். நான் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுக் கேட்பது எங்கள் சுற்றத்தாரின் வழக்கம். இந்த ஒரு முறை கழிக்காமல் கேட்கும்படி வேண்டுகிறேன்.

அவர் குடித்ததே இல்லை என்றால் வடமாலபேட்டைக் காக்காய்கூடச் சிரிக்கும். தனத்தைக் கட்டிக்கொண்ட புதிதில், தெலுங்கு பேசும் எங்கள் மாநிலத்தில் சாராயத்துக்கும் சீமைச் சரக்குக்கும் தடை வந்தது. மாப்பிள்ளை கலங்கவில்லை. என்னைப் பின்னால் உட்கார வைத்து எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டுக்குச் சைக்கிள் மிதித்தார். அந்த மிதியில் போகும்போது சக்கரம் தரையைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. திரும்பும்போது தொட்டது. நாங்களும் பல இடங்களில் தொட்டோம். முட்டி சிராய்ந்து வந்து நிற்கும் இருவரையும் பார்த்து, "எல்லைச் சண்டைக்குப் போன சிப்பாயிங்க வந்துட்டாங்க, ஆரத்தி எடுங்க" என்பாள் தனம்.

சொந்தமாகக் காணி நிலம் இல்லாதவர் அவர். கிணறுகள் வற்றி அடுத்தவர் நிலத்திலும் கூலி இல்லாமல் போனபோது, ஊரில் பாதிப் பேரோடு குவைத்துக்குப் போனார். மகன் கோபி அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தான். குவைத் வெயிலைப் பற்றி அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், நம்மூர் சூரியன் அங்கே போனால் குடை பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். கட்டடத்தின் இரும்புக் கம்பியைத் தொட்டால் தோல் கம்பியோடு தங்கிவிடும். நான் எதையும் கூட்டவில்லை. அவர் உள்ளங்கையைப் பார்த்தவன் நான்.

அவருடைய அறையில் பீலேருப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். சீனு என்று பெயர். அங்கே ஒளித்துக் காய்ச்சுவதை ஒரு விடுமுறை நாளில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, பகலில் மொட்டைமாடியில் படுத்தான். எழுந்திருக்கவில்லை. பெட்டியோடு ஊருக்கு வந்தவர் மாப்பிள்ளைதான். பீலேரில் பெட்டியை இறக்கியதும் சீனுவின் தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் கேட்டாளாம், குடித்துச் செத்தானா என்று. இவர் சொன்னது இரண்டே சொல். "லேதம்மா. வடதெப்ப." இல்லையம்மா, வெயில் அடித்துவிட்டது.

இதை எனக்கு அவர் சொன்னது எங்கள் கிணற்று மோட்டார்த் தொட்டியில். "பொய்தான் மச்சான். ஆனா அதுக்கப்பாலதான் அந்தம்மா அழுதுச்சி. அதுவரிக்கும் அழறதுக்குக்கூட வெக்கப்பட்டுக்கினு நின்னுச்சி" என்றார். காலால் தண்ணீரைத் துழாவிவிட்டு, "அன்னிலேர்ந்து எனக்குத் தொண்டையில எறங்கல" என்றார்.

குவைத்தை முடித்துக்கொண்டு அவர் திரும்பியபோது கோபி வளர்ந்து ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அப்பாவைப் போனில் மட்டுமே அறிந்த பிள்ளை. வீட்டில் இரண்டு பேரும் விருந்தாளிகள் போலப் பேசிக்கொள்வார்கள்.

கோடைச் சாயங்காலங்களில் நாங்கள் நாலைந்து பேர் தொட்டித் தண்ணீரில் கால்களைத் தொங்கவிட்டு உட்காருவோம். அந்தச் சுகத்துக்கு இந்திரன் பதவியை விட்டுவிட்டு வந்தாலும் இடம் கொடுத்திருக்க மாட்டோம். எங்கள் கையில் பீர். அவர் கையிலும் பீர் பாட்டில், உள்ளே தனம் கடைந்த மோர், இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டு.

"இன்னா மாப்ளே, பீர் பாட்டில்ல மோரு? அந்தப் பாட்டிலுக்கு வயிறு எரியாதா?"

"பிளாஸ்டிக்குல ஊத்துனா வெந்நி ஆயிடுது மச்சான். கண்ணாடில ஊத்தி ஈரத்துணிய சுத்தி வையி, மத்தியானம் வரிக்கும் ஜில்லுன்னு கீது."

"பாக்கறவன் பீருன்னு நெனைப்பான்."

"நெனச்சிக்கினு போட்டும். முனிரத்தினம் மோரு குடிக்கிறான்னு பள்ளிப்பட்டுல தெரிஞ்சா மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

எங்களுக்கு ஏறுவதற்கு முன் அவருக்கு மோர் ஏறிவிடும். தெலுங்குப் பாட்டை எடுத்தாரென்றால் கிணற்றுத் தவளைகள் குடும்பத்தோடு ஊரைக் காலிசெய்யும்.

பிறகு நாலுவழிச் சாலை வந்தது. அதில் அவருக்குக் கொடி காட்டும் வேலை கிடைத்தது. ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருக்கும்போது, வண்டிகளைச் சிவப்புக் கொடியில் நிறுத்திப் பச்சைக் கொடியில் அனுப்பவேண்டும். "திருப்பதிக்குப் போற மந்திரியே எங்கிட்ட பர்மிசன் வாங்கிக்கினுதான் சாமியப் பாக்க முடியும்" என்று மார்தட்டுவார். சாலை அகலமாவதற்காக இரண்டு பக்கத்துப் புளியமரங்களையும் அறுத்து லாரியில் ஏற்றியிருந்தார்கள். ஊர் நிழல் முழுவதும் அந்த லாரியிலேயே போய்விட்டது.

அன்றைக்குத் தண்ணீர் கேன் வண்டி வரவில்லை. எதிர்ப்பக்கம் குடை கட்டி வெள்ளரிக்காய் விற்கிற பெண்மணி சொன்னார்: "கையை ஆட்டிக்கினே இருந்தாரு சாமி. கொடிதான காட்றாருன்னு நான் யாவாரத்தப் பாத்துக்கினு இருந்துட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தா கை நின்னுபோச்சி."

அவர் கையில் இருந்தது பச்சைக் கொடி. அதைப் பார்த்த வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. நின்றவர்கள் பாட்டிலைப் பார்த்தார்கள். படம் எடுத்துக்கொண்டு அவர்களும் போனார்கள்.

அன்று சாயங்காலம் நான் அந்த இடத்துக்குப் போனேன். பாட்டிலை யாரோ பள்ளத்தில் உதைத்துத் தள்ளியிருந்தார்கள். சுற்றியிருந்த துணி காய்ந்து அப்பளமாக விறைத்திருந்தது. எடுத்து வந்து வைத்துக்கொண்டேன்.

அவரை எடுத்த அன்று கோபி கொள்ளி வைத்தான். நான் பக்கத்தில் போய், "டேய், அது மோருடா" என்றேன்.

"வுடு மாமா. கம்பெனி குரூப்பு ஃபுல்லா அந்த போட்டோதான் சுத்திக்கினு கீது. குடிச்சாரு, செத்தாரு. நீ வேற அளக்காத."

"நான் கடஞ்சி ஊத்துன மோருடா கோபி" என்றாள் தனம்.

"நீ சும்மா இரும்மா. அவரு உனுக்கு எத்தினி பொய் சொல்லிக்கிறாரோ, இன்னா தெரியும்?"

தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோதும் மரம்போல உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் இரண்டு பேர், "குடிகாரன் பொண்டாட்டி, எத்தினி நாளைக்குதான் அழும்" என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பீலேரு நினைவு வந்தது.

காரியத்தன்று, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பது வழக்கம். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பீர் பாட்டிலோடு வந்தார்கள். வாசலில் வைத்த அவர் படத்துக்கு முன்னால் வாழையிலையைச் சுற்றிப் பாட்டில்கள் நின்ற நிற்பைப் பார்த்தால், சித்தூர் ஜில்லாவுக்கே தாகம் தீர்ந்துவிடும் போலிருந்தது. கோபி தலைகுனிந்து ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் என் பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"இன்னா மாமா இது, காலி பாட்டிலு?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய் அவனுக்கு உதவாது.

அவன் துணியைப் பிரித்தான். முடை நாற்றத்தில் முகத்தைச் சுளித்தான். வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். உள்ளே அடிவரை வெள்ளையாகப் படிந்து காய்ந்திருந்தது. கழுத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு கறிவேப்பிலை, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு. அவன் பாட்டிலைத் தட்டினான். இலை விழவில்லை. கவிழ்த்து உதறினான். விழவில்லை. உலகத்தில் எந்தக் குடிகாரனும் பீரில் கறிவேப்பிலை போட்டுக்கொண்டதில்லை.

 பிறகு பாட்டிலை வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய், குச்சியால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினான். துணியை நனைத்துப் பிழிந்தான். தாயின் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"ம்மா, மோரு கீதா? நைனாவுக்கு ஊத்தணும்."

அப்போதுதான் தனம் அழுதாள். எதையும் பெரிதாக்கிச் சொல்லிப் பழகிய எனக்கு, அந்த அழுகையைப் பெரிதாக்க ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

படையலில் மற்றப் பாட்டில்களுக்கு நடுவே, ஈரத்துணி சுற்றிய அந்த ஒன்று மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்த மண்ணில் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பரவியது.

போய் வாருங்கள், மாப்பிள்ளை. பீலேருத் தாயிடம் நீங்கள் சொன்ன சொல்லையே, உங்களைப் பற்றிக் கேட்கிற எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வடதெப்ப. அன்று நீங்கள் சொன்னது பொய். என் வாயிலிருந்து வந்தாலும் இது மெய்.