கடைவாய்ப் பல்லும் தம்பி வீட்டுப் பாலும்

என் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் உடைந்தது ஊறுகாயால். மாங்காய்த் துண்டோடு ஒட்டியிருந்த கொட்டை ஓட்டை விட மனசில்லாமல் கடித்தேன். 'மடக்' என்று சத்தம் கேட்டது. ஓடு உடைந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் நாக்கால் துழாவினால், ஓடு முழுசாக இருக்கிறது, பல்தான் பாதி இல்லை. அம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் உனக்குத் தேவையா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் ஊறுகாயைத் தொடவே மாட்டார், கேட்கலாம்.

அண்ணா நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைத்து, மிச்சமிருக்கும் பல்லைச் சுற்றிலும் ராவிக் குட்டையாக்கி, அதன்மேல் பல் நிறத்திலேயே ஒரு கேப் மாட்ட வேண்டும் என்றார். அதற்காக நாலு தடவை அந்த நாற்காலியில் படுத்தேன். வாயைத் திறந்துவிட்டால் மனுஷிக்குப் பேச்சே இல்லாமல் போய்விடுகிறது. அவர் ஏதோ கேட்பார், நான் 'ஆ' என்பேன், அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு மிஷினை ஓட விடுவார். வாழ்நாளில் என்னை யாரும் அவ்வளவு நேரம் பேசாமல் வைத்திருந்ததில்லை.

கேப்புக்கு அளவெடுத்து அனுப்பியிருந்த சமயத்தில்தான் என் தம்பி வீட்டுக்கு வந்தான். பொண்டாட்டியோடு, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு வந்தான். ஒத்தக்கடையில் புது வீடு கட்டியிருக்கிறான். அடுத்த வியாழக்கிழமை பால் காய்ச்சுகிறார்களாம்.

"அக்கா, நீதான் வந்து பால் காய்ச்சணும். அம்மா இருந்தா அம்மா செஞ்சிருக்கும்" என்றான்.

"வாரேன்டா" என்றேன்.

"வந்து சாப்பிட்டுத்தான் போகணும்." இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தான்.

அவன் ஏன் தட்டைப் பார்த்தான் என்பதைச் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக நான் அவன் வீட்டில் கை நனைத்ததில்லை. எங்கள் அம்மா கடைசிக் காலத்தில் அவனிடம்தான் இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, மூன்று மாதம் கிடந்து போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் விசேஷத்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தபோது, "எங்கம்மாவை நீங்க பாத்த லட்சணம்தான் எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு இலையை விட்டு எழுந்து வந்தேன். அந்த மூன்று மாதமும் அம்மாவுக்குப் படுக்கையில் எல்லாம் அள்ளிப் போட்டவள் தம்பி பொண்டாட்டி. எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அம்மா போன ஆத்திரத்தை யார் மேலாவது கொட்ட வேண்டியிருந்தது, அவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

அதற்கப்புறம் அவன் மகள் வயசுக்கு வந்தாள். சடங்குக்கு அத்தை போகாமல் இருக்க முடியாது. போனேன், சீர் வைத்தேன், பிள்ளைக்கு மாலை போட்டேன், சாப்பிடக் கூப்பிட்டபோது "பல்லு வலிடா" என்று சொல்லிவிட்டேன். எங்கள் சொந்தத்தில் 'உன் வீட்டில் சாப்பிட மாட்டேன்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பல் வலி என்பார்கள். கேட்பவரும் எந்தப் பல் என்று கேட்க மாட்டார். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வார், அதோடு பேச்சு முடிந்தது. அன்றைக்குத் தம்பி பொண்டாட்டியும் அப்படித்தான், "சுடுதண்ணில உப்பப் போட்டுக் கொப்பளிங்க மதினி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என் வாயில் அன்றைக்கு முப்பத்திரண்டு பல்லும் கல் மாதிரி இருந்தன.

இப்போது அவனாகவே படியேறி வந்திருக்கிறான். இந்தத் தடவை உட்கார்ந்து, சோறு, குழம்பு, அப்பளம், வடை என்று ஒன்று விடாமல் மென்று சாப்பிட்டு, மறுசோறும் கேட்டு வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மன்னிப்பெல்லாம் எனக்குக் கேட்க வராது. இலையில் உட்கார்ந்தால் அவர்களுக்குப் புரியும்.

அந்த வீம்புதான் காரியத்தைக் கெடுத்தது. கேப் புதன்கிழமை வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள், வரவில்லை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாங்க, பத்து நிமிஷத்தில் மாட்டிவிடலாம் என்றார் டாக்டர். பால் காய்ச்சப் பத்தரைக்கு மேல்தான் நேரம். ஒரு பக்கமாக மென்றால் ஆகாதா, விசேஷம் முடிந்து போய்க்கொள்ளேன் என்று வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். முழுப் பல்லோடு போகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கேப் உட்காரவில்லை. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, ஓரத்தை ராவிப் பார்த்தும் உட்காரவில்லை. ஒரு பக்கம் ஈறு பல்லின் மேல் ஏறி வளர்ந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் ஒதுக்கி மறுபடி அளவெடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் கடிகாரத்தைக் காட்டி 'ஆ' என்றேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். ஊசி இறங்கிவிட்டது.

"மரப்பு போறவரைக்கும் எதையும் மெல்லாதீங்கம்மா. நாக்கையே கடிச்சாலும் தெரியாது" என்று சொல்லி, ஈறில் பஞ்சை வைத்து அனுப்பினார்.

பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கீழுதட்டைத் தொட்டுப் பார்த்தேன். அது என்னுடையதாக இல்லை. பாதி முகம் பானை மாதிரி வீங்கிவிட்டது என்று நினைத்துப் போனில் முகத்தைப் பார்த்தால், எப்போதும் போல இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அது எவ்வளவு பெரிய கெடுதல் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒத்தக்கடையில் இறங்கியதும், புது வீட்டுக்குள் பஞ்சோடு போக வேண்டாம் என்று அதையும் எடுத்து எறிந்துவிட்டேன்.

நான் நுழையும்போது மணி பதினொன்றே முக்கால். பால் பொங்கி முடிந்திருந்தது.

"நேரம் போகுதுன்னு அவளையே காய்ச்சச் சொல்லிட்டேன்க்கா" என்றான் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. "மாமா சொன்னாரு, நீ பல்லு டாக்டர்ட்டப் போயிருக்கேன்னு."

சடங்கன்றைக்கு 'இவளுக்கு ராத்திரியெல்லாம் பல் வலி' என்று சாட்சி சொன்னவரும் இதே மாமாதான், என் வீட்டுக்காரர். கூடத்து மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி பொண்டாட்டி ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்தாள். முதல் பால், எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பால்தானே, மெல்ல வேண்டியதில்லையே என்று வாயில் வைத்தேன். விழுங்கினேன் என்றுதான் நினைத்தேன். எதிரில் நின்றவர்களின் கண்கள் என் மோவாய்க்கு இறங்கியபோதுதான் குனிந்து பார்த்தேன். பால் உதட்டோரமாக வழிந்து, பட்டுப்புடவையில் இறங்கி, புது டைல்ஸ் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"துப்பிட்டாங்களா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. "பழ்ழு... ஊழி..." என்று என்னவோ வந்தது. பல்லில் ஊசி போட்டிருக்கிறார்கள் என்பது அவ்வளவு பெரிய வாக்கியமா? கன்னத்தைக் காட்டினேன். பைக்குள் மருந்துச் சீட்டைத் தேடினேன். சீட்டை எடுத்து நீட்டினால், சாப்பிடாமல் இருக்கச் சீட்டு வாங்கியவள் மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. பைக்குள் விட்ட கையை அப்படியே வெறுமனே வெளியில் எடுத்தேன்.

"பல்லுதானேக்கா. தெரியும்" என்றான் தம்பி. தம்பி பொண்டாட்டி துணியைக் கொண்டுவந்து, என் காலடியில் உட்கார்ந்து, தரையைத் துடைத்தாள். அம்மாவுக்கும் இப்படித்தான் குனிந்து துடைத்திருப்பாள். அந்த நிமிஷம் எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது.

மாடியில் பந்தி போட்டார்கள். நான் போய் ஓர் இலை முன்னால் உட்கார்ந்தும்விட்டேன். மெல்ல முடியாவிட்டால் போகிறது, ரசத்தில் கரைத்து விழுங்கினால் போயிற்று. பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு என்னிடம் வரும்போது தம்பி எட்டி அவர் கையைப் பிடித்தான்.

"அண்ணே, அக்காவுக்கு வைக்காதீங்க. பல்லு வலி. வற்புறுத்தக் கூடாது."

அவன் குரலில் துளிக் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் திட்டிவிட்டாவது சாப்பிட்டிருப்பேன். சடங்கன்றைக்கு 'ஒரு வாய் ரசஞ்சோறாவது சாப்பிடுக்கா' என்று பின்னாலேயே வந்தவன் அவன். எங்கள் ஊர்ப் பக்கம் வற்புறுத்துவதுதான் பிரியம். இப்போது எனக்கு மரியாதை கொடுத்து என் இலையை அவனே எடுத்துவிட்டான். நான் வாயைத் திறந்தேன், எச்சில்தான் வழிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தேன். தேங்காய், வெற்றிலை போட்ட பையைக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். ஒரு குறையும் இல்லை.

திரும்பி வரும் வழியில் மரப்பு விட்டது. முதலில் உதடு வந்தது, பிறகு வலி, அதற்கப்புறம் பசி. வீட்டுக்காரர் மட்டும் நன்றாகச் சாப்பிட்டிருந்தார். வடை பிரமாதம் என்று சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பத்து நாள் கழித்துப் புதுக் கேப் வந்தது. மாட்டியதும் நீல நிறக் காகிதம் ஒன்றைப் பல்லுக்கு நடுவில் வைத்து, கடிங்க, இன்னும் கடிங்க என்றார் டாக்டர். எங்கேயும் இடிக்கவில்லை. இனிமேல் எது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார். ஆஸ்பத்திரிப் படியில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை சாப்பிட வாரேன்டா. பல்லு சரியாயிருச்சு."



"ஞாயித்துக்கிழமையாக்கா? இங்க அவளுக்குப் பல்லு வலி. சமையல் ஒண்ணும் இருக்காது. இன்னொரு நாள் பாப்போமே."

உண்மையாகவே வலியாக இருக்கலாம். அவளுக்கும் பல் இருக்கிறது. எந்தப் பல் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. எங்கள் சொந்தத்தில் அதை யாரும் கேட்பதில்லை.

"சுடுதண்ணில உப்பப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லு" என்றேன்.

"சொல்றேன்க்கா" என்றான்.