அடி தெரிந்த தண்ணீர்

தொண்ணூறுகளில், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் வெந்நீர்த் தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது என் வேலை. குளோரின் போட்டு, ஃபில்டரைக் கழுவி, அடி தெரியத் தெளிய வைப்பேன். ஆனைமலையிலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்துபோனால் மட்டும் தண்ணீர் கலங்கிவிடும். எரிச்சலோடு ஒருநாள் கவனித்தேன். கால் விளங்காத மகளைத் தொட்டியில் இறக்கிவிட்டு, அவளுடைய அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திருநீற்றைக் கரைத்தார்.

“ஏனுங்க, தண்ணி கெட்டுப்போவாதுங்களா?”

“கோவிச்சுக்காதீங்க கண்ணு. டாக்டரு கைய விரிச்சுப்போட்டாருங்க. நான் வேறென்னங்க பண்றது?”

அதன்பின், அவர்கள் போனதும் பேசாமல் தண்ணீரை மாற்றிவிடுவேன். கடைசியாக வந்த அன்று, அந்த அம்மா முடிச்சை அவிழ்க்கவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர்கள் போன பிறகு எட்டிப் பார்த்தேன். தண்ணீர் துளியும் கலங்கவில்லை. தெளிந்த தண்ணீரைப் பார்த்து நான் அழுதது அன்றுதான்.