கம்பனி ஸ்டாக்

ஆறு மாதமாக எங்கள் குசினியில், அரிசி வாளி இருக்க வேண்டிய இடத்தில், ஓர் என்ஜின் உட்கார்ந்திருந்தது. என் நூறு சீசீ மோட்டார் சைக்கிளின் என்ஜின். ஜப்பானிலிருந்து வந்தது. என் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டதால் வீட்டில் தனக்குத்தான் முதல் உரிமை என்பதுபோல் இருந்தது.

அதைப் பூட்டி ஒரு ரேஸ் ஓட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, மனைவி ஒருநாள் தீர்ப்புச் சொன்னாள்.

"இந்தா பாருங்க. அந்த ரேஸ்ல இதச் சேத்துக்கிட்டாங்கன்னா வச்சுக்கங்க. வேணாம்னு திருப்பி அனுப்புனாங்கன்னா, திங்கக்கெழம பழைய சாமான் வாங்குற போத்தல் பத்தரக்காரன் வருவான், பழைய இரும்போட போட்டுருவேன். ஒங்களயும் சேத்துத்தான் கேப்பான். போனாப் போகுதுன்னு ஒங்கள மட்டும் வச்சுக்கிறேன்."

ரேஸ் என்றால் வளைவு கிளைவு எதுவும் கிடையாது. கால் மைல் நேர் ரோடு. இரண்டிரண்டு பேராக விடுவார்கள். எங்கள் புளத்கொகுபிட்டிய மலையில் கால் மைல் நேர் ரோட்டைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அதனாலேயே ஆசை வந்தது என்று நினைக்கிறேன்.

விண்ணப்பம் போட்டது மனைவியின் தம்பி. டவுனில் திரீவீல் ஓட்டுகிறவன். ஒருநாள் போன் எடுத்தான்.

"மச்சான், ஸ்டாக் கிளாஸ்ல பேர் குடுத்திருக்கேன். பழைய என்ஜினுக்கு அதான் சரியாம். ஆனா செக்கிங் பொல்லாததாம். கம்பனி ஸ்டாக்கான்னு ஒவ்வொரு சாமானாக் கழட்டிப் பாப்பாங்களாம். இருங்க, ஹயர் ஒண்ணு வந்திருச்சு."

வைத்துவிட்டான். எனக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது.

நான் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். தோட்டத்தில் கம்பனி என்றால் ஒன்றுதான், தோட்டத்தை நடத்துகிற கம்பனி. ஸ்டாக் என்றாலும் ஒன்றுதான், ஃபேக்டரி ஸ்டோரில் உள்ள சாமான். வருஷத்துக்கு இரண்டு தரம் ஃபைலும் கையுமாக ஆட்கள் வந்து ஸ்டாக் எடுப்பார்கள். அன்றைக்கு ஸ்டோர்ப் பூனைகூட நிமிர்ந்து உட்காரும்.

அந்த என்ஜினுக்குள் கம்பனி ஸ்டாக் கொஞ்சம் இருந்தது. மூடியில் நாலு போல்ட், கொழுந்து அரைக்கும் ரோலருடையவை. கேஸ்கெட், ஸ்டோர் ஷீட்டில் வெட்டியது. ஏர் ஃபில்டருக்குப் பதிலாகத் தூள் சலிக்கும் வலைத்துண்டு. அதனால்தான் வண்டி சூடானால் நல்ல பீஓபி தேயிலை வாசம் வரும். எல்லாம் கழிவில் கிடந்தவை என்று நானே எனக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் கழிவும் கம்பனியுடையதுதானே!

ஒரு மோட்டார் சைக்கிள் ரேஸுக்கு எங்கள் கம்பனி ஏன் ஆள் அனுப்ப வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. குற்றமுள்ள மனசுக்கு அந்த மாதிரிக் கேள்வியெல்லாம் வராது. காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிறுத்தி, என் நாலு போல்ட்டையும் தட்டில் வைத்துக் காட்டுவார்கள் என்பது வரைக்கும் பார்த்துவிட்டேன்.

மறுநாளே லீவு போட்டு தெஹியோவிட்டவுக்குப் போனேன். அங்கே ஒரு கராஜுக்குப் பின்னால், இதே மாதிரி வண்டி ஒன்று கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. அதிலிருந்து போல்ட்டு நாலும், பிரிக்காத கேஸ்கெட் பாக்கெட் ஒன்றும் கிடைத்தன. ஏர் ஃபில்டர் பெட்டியில் ஒரு பேடு அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைக் கிளப்பிப் பெட்டியை எடுத்தபோது என் கையில் போட்ட கொத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டு நாளில் ஃபேக்டரி சாமான் அத்தனையும் கழற்றி, போல்ட்டுகளைத் துடைத்து, யாரும் பார்க்காத நேரம் ஸ்டோரிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் திருட்டுத்தனமாகச் செய்த ஒரே நேர்மையான காரியம் அது.

ரேஸ் அன்று காலை, வண்டியில் திரும்பப் பூட்டிய என்ஜினுக்கு மனைவி விபூதிப் பட்டை போட்டு அனுப்பினாள். "போனாப் போகுது" என்றவள்தான்.

செக்கிங் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு மாத்தயா, அதாவது சிங்கள ஐயா. கையில் பேனா, முன்னால் படம் போட்ட புத்தகம். வண்டியைச் சுற்றி வந்து சிங்களத்தில் கேட்டார்:

"ஒக்கொம கம்பனி ஸ்டொக் த?"

எல்லாம் கம்பனி ஸ்டாக்தானா என்கிறார்! நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

"நே மாத்தயா! எக்கக்வத் நே!" ஒன்றுகூட இல்லையாம். அதோடு விட்டேனா? சாமி சத்தியமாக இந்த என்ஜினில் ஒரு வாஷர்கூடக் கம்பனி ஸ்டாக் இல்லை, எல்லாம் வெளியில் வாங்கியது என்று அவருக்கு விளங்கும் சிங்களத்தில் அடித்துச் சொன்னேன். கோழிக் கொத்தையும் சாட்சிக்குக் காட்டினேன்.

மாத்தயா வருத்தத்தோடு பேனாவின் மூடியைத் திறந்தார். பெரிய பெருக்கல் குறி ஒன்று போடப் போனார்.

"மச்சான், வாய மூடுங்க!" என்று பாய்ந்து வந்தான் மைத்துனன். "கம்பனின்னா வண்டி செஞ்ச கம்பனி! ஜப்பான்காரன்! அவன் போட்ட சாமான் அப்பிடியே இருக்கான்னு கேக்குறாரு. ஒங்க தோட்டத்த யாரு கேட்டா?"

பிறகு அதே கைகளை மறுபடி தூக்கினேன்.

"ஒவ் மாத்தயா! ஒக்கொம கம்பனி ஸ்டொக்!"

ஒரே நிமிஷத்தில் சத்தியத்தைப் புரட்டிப் போட்ட ஆளை அவர் நம்புவாரா? மூடியைக் கழற்றச் சொன்னார். போல்ட்டைப் புத்தகத்தில் தேடினார், இருந்தது. கேஸ்கெட், இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஒரு கோழி இறகை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இறகைக் கீழே போட்டுவிட்டு விபூதிப் பட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"இது புத்தகத்தில் இல்லையே?"

"அது வீட்டுக் கம்பனி, மாத்தயா" என்றேன்.

சிரித்துக்கொண்டே "ஹரி", சரி, என்று ஸ்டிக்கரை ஒட்டினார். அன்றைக்கு வந்த பழைய என்ஜின்களில் இவ்வளவு சுத்தமான ஸ்டாக் இதுதான் என்றார். மைத்துனன் இன்னும் அதை நம்பவில்லை.

ரேஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது என்னோடு கிளம்பியவன் ஹெல்மட்டைக் கழற்றி, தம்பிலி இளநீர் வெட்டச் சொல்லி, அதில் பாதியைக் குடித்திருந்தான்.

"என்ன ஆச்சுங்க?" என்றாள் மனைவி.

"சேத்துக்கிட்டாங்க."

ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், நானே ஒட்டியதா என்று. பிறகு அரிசி வாளியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். திங்கட்கிழமை போத்தல் பத்தரக்காரன் வெறும் போத்தலோடு போனான்.

அடுத்த ஸ்டாக் எடுப்பில் ஸ்டோர் ஐயா என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"ஃபிட்டர், கொறைஞ்சா என்னத்தயாவது சொல்லிக்கலாம். ரோலர் போல்ட் நாலு கூடியிருக்கே! இதுக்கு நான் என்ன காரணம் எழுதுறது?"

"எலி கொண்டாந்து போட்டிருக்குங்க ஐயா" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.