ஊசி முனையைக் காட்டினால்தான் லைன் ஓடும்

பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து இரண்டு முறை எழுந்து ஓடியிருக்கிறேன். இரண்டாவது முறை, கழுத்தில் மாட்டிய காகிதத் துண்டோடு. எதிரே இருந்த பேக்கரிக்காரர், பப்ஸ் சாப்பிடத் தயாராக வந்திருப்பதாக நினைத்துத் தட்டை நீட்டினார்.

"இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா ரூட் கெனால் பண்ணவும் ஆகாதுங்க தம்பி, புடுங்கத்தான் வேணும்" என்று டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டார். கடைவாய்ப் பல். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வயதில் அதை இழக்க மனமில்லை.

நாலெழுத்துப் படித்தவன் பயந்தால் என்ன செய்வான்? மேலும் படிப்பான். பயந்தாங்கொள்ளிகளுக்காக மருத்துவத்தில் என்னென்ன இருக்கிறது என்று கரைத்துக் குடித்தேன். மாத்திரை போட்டால் தூக்கம் அசத்தும், வீட்டுக்குக் கூட்டிவர ஆள் வேண்டும். நரம்பில் மருந்து ஏற்றுவதற்குத் தனியாக மயக்க டாக்டர் வரவேண்டும். வெறும் வயிற்றோடும் இருக்கவேண்டும், அது எனக்கு முடியாது. ஆகவே மூக்கில் வைக்கும் சிரிப்பு வாயுதான். விழித்தே இருக்கலாம், மாஸ்க்கை எடுத்த கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். மூன்றாவது முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இதையெல்லாம் டாக்டரம்மாவுக்கே பாடமாக எடுத்துவிட்டு, "அதனால ஊசியே வேண்டாமுங்க" என்று முடித்தேன்.

"கேஸு பயத்துக்குங்க. வலிக்கு ஊசி போட்டுத்தானுங்களே ஆகணும்."

அவ்வளவு படித்ததில் இந்த ஒரு வரி மட்டும் என் கண்ணில் படவேயில்லை. வாசல் பக்கம் திரும்பினேன். அங்கே அக்கா.

"ஓடலாம்னு பாக்காதடா. உன்ற செருப்பு என்ற பைக்குள்ள இருக்குது."

மூக்கில் மாஸ்க் வந்தது. கை கால் பஞ்சானது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை ஞாபகம் வந்தது.

நான் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவன். குழந்தைகள் துணி தைக்கிறோம். மெஷினில் ஊசி உடைந்தால், கடைசித் துண்டு கிடைக்கும்வரை அந்த மெஷின் வரிசையே, எங்கள் பேச்சில் 'லைன்', நிற்கவேண்டும். டெய்லர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டேன். துணிக்குள் ஊசித் துண்டு இல்லை என்று மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்த்த பிறகுதான், ஆர்டர் கொடுத்த பையருக்குச் சரக்கு போகும்.

ஈறில் சுருக்கென்றது. "முடிஞ்சுதுங்க" என்றார் டாக்டரம்மா. நான் கையைத் தூக்கினேன்.

"ஊசி உடையலீங்களே?"

"இல்லீங்க."

"முனை இருக்குதுங்களா? காட்டுங்க. துண்டு கெடைக்காம லைன் ஓடாதுங்க. என்னைய மெட்டல் டிடெக்டர்ல ஒருக்கா விட்டுப் பாத்துருங்க."

"டேய், வாயத் தொற!" என்றாள் அக்கா.

"அக்கா, பையர் ரிஜெக்ட் பண்ணீருவான்!"

டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேஸ் உங்களுக்கு வெச்சேனா, எனக்கு வெச்சேனான்னே தெரியலீங்க தம்பி." பிறகு ஊசியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். முனை முழுசாக இருந்தது. கம்பெனியில் துணியைத் தேற்றிவிடுவதுபோல் "பாஸ்" என்று சொல்லி வாயைத் திறந்தவன், அவர் போதும் என்று சொல்லும்வரை மூடவில்லை. அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை என்பதுதான் கொடுமை. மறந்திருந்தாலும் அக்கா விட்டிருக்கமாட்டாள்; சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழு முழுவதும் இப்போது என்னை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுகிறது.

பல் தப்பித்துவிட்டது. வேரைச் சுத்தம் செய்து முடிக்க மறுபடி போனபோது, நான் கேட்பதற்கு முன்பே ஊசியை என் கண்ணெதிரே பிடித்தார் டாக்டரம்மா.

"முழுசா இருக்குதுங்க. லைன் ஓட்டலாமுங்களா?"

"ஓட்டலாமுங்க" என்றேன். "கேஸ மட்டும் கொஞ்சம் கூட்டி வைங்க."